இல்லாத காலுக்கு கரண்ட்: மாய உறுப்பு வலியில் மின் சிகிச்சை என்ன செய்கிறது?

கால் எடுக்கப்பட்டவர்களுக்கு அந்த இல்லாத காலில் வரும் மாய வலிக்கு மின் சிகிச்சை என்று செய்தி வந்தால், பலருக்கு உடனே நினைவுக்கு வருவது பிசியோதெரபி கிளினிக்கில் முழங்காலுக்கு வைக்கிற கரண்ட்தான். ஆன்லைனில் விற்கிற அந்தச் சின்ன மெஷினை வாங்கிக் கட்டிக்கொண்டால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். 2024ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இந்த வலிக்காக அனுமதித்த கருவி அது இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மின்சாரம் மட்டும். கிளினிக் மெஷின் நரம்பைத் தூண்டுகிறது, அந்தப் புதுக் கருவி நரம்பில் செய்தி போகவே விடாமல் தடுக்கிறது. நேர் எதிரான வேலைகள். இரண்டையும் "மின் தூண்டல்" என்று ஒரே மூட்டையில் கட்டி எழுதுவதால் எது நிரூபிக்கப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்பது வாசகருக்குத் தெரியாமல் போகிறது. அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

எது மாய வலி, எது இல்லை

கை அல்லது கால் துண்டிக்கப்பட்ட பிறகு மூன்று விதமான உணர்வுகள் வரலாம். ஒருவருக்கே மூன்றும் சேர்ந்து வருவதும் உண்டு.

1. மாய உணர்வு. விரல்கள் இன்னும் இருக்கின்றன, மடங்கியிருக்கின்றன, உள்ளங்கால் அரிக்கிறது என்று தோன்றும். வலி இருக்காது. அநேகமாக எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் வருவது இது, சிகிச்சை தேவையில்லை.

2. மாய உறுப்பு வலி. இல்லாத பாதத்தில் எரியும், ஷாக் அடிக்கும், கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஊசி ஏறுகிற மாதிரி இருக்கும். விரல்கள் முறுக்கிக்கொண்டு பிரியாமல் கிடப்பதாகச் சொல்பவர்களும் நிறைய. உறுப்பை இழந்தவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் இதை அனுபவிக்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அறுவை முடிந்த முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடுவதுதான் அதிகம்.

3. ஸ்டம்ப் வலி. அதாவது மீதியிருக்கும் பகுதியிலேயே வலி. சீழ், எலும்பு முனை வளர்ச்சி, சரியாகப் பொருந்தாத செயற்கைக் கால், ரத்த ஓட்டக் குறைவு என்று இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள் பல இருக்கும்.

மூன்றாவதை இரண்டாவது என்று நினைத்து கரண்ட் வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே சீழ் வளர்ந்துகொண்டே போகும். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களிடம் இது நிஜமான ஆபத்து. எந்த மெஷினையும் யோசிப்பதற்கு முன்பு ஸ்டம்பை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வலி புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே இதைக் குறித்து வைத்திருக்கிறார். மாய உறுப்பு என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல். 1871ல், உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்திலிருந்து எழுதினார். அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு "மனப்பிரமை, துக்கம் தாங்காமல் வருவது" என்று நோயாளியை அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. மனநிலை வலியைக் கூட்டும் குறைக்கும், அது எந்த வலிக்கும் பொருந்தும். மற்றபடி இது நரம்பு மண்டலத்தில் நடக்கிற கோளாறு.

வலி எங்கே உற்பத்தியாகிறது?

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதைப் பொறுத்துத்தான் மின்சாரத்தை எங்கே வைப்பது என்பது முடிவாகிறது. ஆராய்ச்சியாளர்களும் இதில்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சந்தேக வளையத்தில் மூன்று இடங்கள்.

1. வெட்டுப்பட்ட நரம்பு முனை. நரம்பை அறுத்தால் அது சும்மா கிடக்காது, மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேர இடம் இல்லாததால் முனையில் நரம்பிழைகள் சுருண்டு முடிச்சாகிவிடும். இதற்கு நியூரோமா என்று பெயர். அங்கே சோடியம் வாயில்கள் (நரம்பிழையில் மின்துடிப்பை எழுப்பும் நுண்ணிய கதவுகள்) அளவுக்கு அதிகமாகக் குவிவதால், யாரும் தொடாமலே மின்துடிப்புகள் கிளம்பும். ஊரில் ஒரு வீட்டை இடித்த பிறகும் அதன் டெலிபோன் ஒயர் மண்ணில் உரசிக்கொண்டிருந்தால் எக்ஸ்சேஞ்சில் அந்த வீட்டு நம்பரிலிருந்துதானே அழைப்பு வரும்? மூளையின் நிலையும் அதுதான். துடிப்பு தொடையிலிருந்து கிளம்பினாலும், அந்த இழை ஒரு காலத்தில் கட்டைவிரலுக்குப் போனது என்பதால் கட்டைவிரல் வலிக்கிறது என்றே மூளை படிக்கும். நரம்பு முனை மட்டுமல்ல, தண்டுவடத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு உணர்வு நரம்பிலும் இருக்கிற சிறு கணுவும் (மருத்துவர்கள் டி.ஆர்.ஜி. என்பார்கள்) இப்படித் தானாகத் துடிக்கக்கூடியது.

2. தண்டுவடம். கீழேயிருந்து ஓயாமல் வலிச் செய்தி வந்தால் தண்டுவடத்து நரம்பணுக்கள் கூருணர்வு அடைந்துவிடும். பிறகு சின்னச் செய்தியையும் பெரிதாக்கி மேலே அனுப்பும்.

3. மூளை. ஒவ்வொரு உறுப்புக்கும் மூளைப் புறணியில் ஒரு இடம் உண்டு. கையை இழந்தால் கைக்கான இடம் காலியாகிறது, பக்கத்தில் இருக்கும் உதட்டுக்கான பகுதி அங்கே பரவுகிறது, எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு வலி என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஹெர்டா ஃபுளோரின் குழு 1995ல் காட்டியது. பாடப்புத்தகங்கள் வரை போன கருத்து இது.

இந்த மூன்றாவது இடம்தான் இப்போது ஆட்டம் காண்கிறது. நரம்பியல் ஆராய்ச்சியாளர் டமார் மேக்கினின் குழு 2013ல், கையை இழந்தவர்களிடம் அந்தக் கையை அசைக்கச் சொன்னபோது மூளையில் கைக்கான பகுதி ஒழுங்காகவே வேலை செய்வதைக் கண்டது. வலி அதிகம் உள்ளவர்களிடம் அந்த வரைபடம் அழியாமல் நன்றாகவே இருந்தது. 2025ல் இன்னும் நேரடியான சான்று வந்தது. கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் மூன்று பேரின் மூளையை ஸ்கேன் செய்து தொடர்ந்து பார்த்ததில், மூளை வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ஒரே ஆளை முன்னும் பின்னும் ஒப்பிட்டதால் பலம் அதிகம்.

இன்னொரு பக்கம், வலி ஆராய்ச்சியாளர் மார்ஷல் டெவோர் பங்கேற்ற 2014 ஆய்வில் கால் இழந்த 31 பேருக்கு, டி.ஆர்.ஜி. இருக்கும் இடத்தருகே மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். பெரும்பாலோருக்கு மாய வலி மளமளவென்று அடங்கியது, மருந்தின் வேகம் இறங்கியதும் திரும்பியது. வலி மூளையில் மட்டுமே தங்கிவிட்டது என்றால் இடுப்புக்குப் பக்கத்தில் போட்ட ஊசி எப்படி வேலை செய்திருக்கும்? எனக்கு இந்தத் தரப்பு வாதம் வலுவாகப் படுகிறது. எல்லோருக்கும் ஒரே மூலம்தான் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் கீழேயுள்ள நரம்பைக் குறிவைக்கும் மின் சிகிச்சைகளுக்கு அறிவியல் நியாயம் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

மின்சாரம் நரம்பை என்ன செய்யும்?

நரம்பு என்பது ஒரே கம்பி இல்லை, பல தடிமனில் இழைகள் சேர்ந்த கட்டு. தொடு உணர்வைக் கொண்டுபோகும் இழைகள் தடித்தவை, உறை போட்டவை, வேகமானவை. எரிச்சல் போன்ற வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெலிந்தவை, மெதுவானவை. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் தடித்த இழைதான் முதலில் விழிக்கும். மெல்லிய இழையை எழுப்ப அதிக கரண்ட் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் தூண்டல் சிகிச்சை மொத்தமும் ஓடுகிறது.

1965ல் வலி ஆராய்ச்சியாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் வெளியிட்ட "வாயில் கட்டுப்பாடு" கோட்பாடு சொன்னது இதுதான்: தண்டுவடத்தின் நுழைவிடத்தில் தொடு இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், வலி இழைகளின் செய்தி மேலே போவது குறையும். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுவதற்குக் காரணமும் அதுவே. 1967ல் வால், வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரோடு சேர்ந்து, முதலில் தங்கள் முக நரம்பிலேயே மின்முனையை வைத்துப் பார்த்துவிட்டு, தீராத நரம்பு வலி இருந்த நோயாளிகளிடம் முயன்றார். அதே ஆண்டில் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் தண்டுவடத்தின் பின்பக்கம் முதல் மின்தூண்டியைப் பொருத்தினார். தோலின் மேல் ஒட்டும் மெஷின் அப்போது ஒரு சோதனைக் கருவி, யாருக்கு உள்ளே பொருத்தினால் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டிப் பார்ப்பதற்கு. சிலருக்கு அதிலேயே வலி குறையவும், அதுவே தனிச் சிகிச்சையாகி டென்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

இதெல்லாம் நொடிக்குச் சில துடிப்புகளிலிருந்து நூறு, இருநூறு துடிப்புகள் வரை செய்கிற தூண்டல். துடிப்பை நொடிக்கு 10,000 என்று ஏற்றி, நரம்பைச் சுற்றி நேரடியாகக் கொடுத்தால் கதை தலைகீழாகிறது. நரம்பிழையின் சோடியம் வாயில்கள் மறுபடி தயாராக நேரமே கிடைக்காமல் செயலிழந்து நிற்கும், அந்த இடத்தைத் தாண்டிச் செய்தி போகாது. கரண்டை நிறுத்தினால் நரம்பு பழைய நிலைக்கு வரும். மரத்துப்போகும் ஊசியை மின்சாரத்தால் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

தோலின் மேல்: டென்ஸ்

கையடக்க பேட்டரிப் பெட்டி, இரண்டோ நான்கோ ஒட்டும் பட்டைகள். ஸ்டம்பில், நரம்பு ஓடும் பாதையின் மேல் ஒட்டுவார்கள். சரியான இடத்தில் ஒட்டினால் அந்தக் குறுகுறுப்பு ஸ்டம்பில் நிற்காமல் இல்லாத பாதத்துக்குள்ளேயே பரவுவதாக நோயாளிகள் சொல்வதுண்டு. இழைகள் பழைய முகவரியில்தான் இன்னும் பதிவாகியிருக்கின்றன. வலி இருக்கிற இடத்திலேயே குறுகுறுப்பைக் கொண்டுபோக முடிவதுதான் டென்ஸுக்கு இந்த வலியில் உள்ள தனி வாய்ப்பு. ஸ்டம்ப் தொட்டாலே தாங்காது என்பவர்களுக்கு எதிர்ப்பக்க நல்ல காலில், வலிக்கிற இடத்துக்கு நேரான இடத்தில் வைத்தும் முயல்கிறார்கள்.

சரி, பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மாய வலிக்கும் ஸ்டம்ப் வலிக்கும் டென்ஸ் உதவுமா என்று 2010லும் 2015லும் தேடியது. சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட தரமான ஆய்வு இரண்டு முறையும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்த பத்துப் பேரிடம் செய்த ஒரு சிறு ஆய்வில் வலி குறைந்தது, ஆனால் ஒப்பிட இன்னொரு குழு அதில் இல்லை. "பலனில்லை என்று நிரூபணம்" என்று இதை வாசிப்பது தவறு, "நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்று விளம்பரம் செய்வதும் தவறு. டென்ஸை ஆராய்வதில் ஒரு உள்சிக்கலும் இருக்கிறது. மாத்திரை என்றால் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றலாம். கரண்ட் வருகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தோலே சொல்லிவிடுகிறதே!

விலை குறைவு, பக்கவிளைவு குறைவு, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்பதால் முயன்று பார்ப்பதில் தவறில்லை என்றே பல வலி மருத்துவர்கள் நினைக்கிறார்கள். யாருக்கெல்லாம் கூடாது என்பதை மட்டும் விற்பவர்கள் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்:

1. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருப்பவர்கள், இதய மருத்துவர் சரி என்று சொல்லாமல் தொடக்கூடாது.
2. ஆறாத புண், சீழ், கிழிந்த தோல் மேல் பட்டையை ஒட்டக்கூடாது. கழுத்தின் முன்பக்கமும் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றில் வைக்கக்கூடாது.
3. தோல் மரத்துப்போனவர்கள். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டு உணர்ச்சி குறைந்திருந்தால், "ஒன்றும் தெரியலையே" என்று கரண்டை ஏற்றிக்கொண்டே போவார்கள், தோல் எரிந்து புண்ணாகும். கால் இழந்ததற்கே சர்க்கரை காரணம் என்றால் எதிர்க்காலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தோலுக்கு உள்ளே, 60 நாளுக்கு

அடுத்த படி, முடி போன்ற மெல்லிய சுருள் கம்பியை ஊசி வழியாக நரம்புக்கு அருகே கொண்டுபோய் வைப்பது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே செய்வார்கள். காலுக்கு என்றால் தொடை வழியாக ஓடும் சியாட்டிக், ஃபெமோரல் என்ற இரண்டு பெரிய நரம்புகள். கம்பியின் மறுமுனை தோலுக்கு வெளியே ஒரு சிறு தூண்டியோடு இணைந்திருக்கும். 60 நாள் கழித்துக் கம்பியை உருவிவிடுவார்கள், உடம்பில் எதுவும் தங்காது. ஸ்பிரிண்ட் என்ற பெயரில் வரும் கருவி இந்த வகை.

2019ல் வெளியான ஆய்வில் கால் இழந்த 28 பேர் சேர்க்கப்பட்டார்கள். டென்ஸ் ஆய்வு போலில்லாமல், இதில் போலிச் சிகிச்சையோடு (கரண்ட் கொடுக்காமல் கொடுப்பதுபோல் செய்வது) ஒப்பீடு இருந்தது. முதல் நான்கு வாரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள், கரண்ட் பெற்றவர்களில் 12க்கு 7, போலிக் குழுவில் 14க்கு 2. எட்டு வாரத்தில் அது 12க்கு 8 ஆனது. கம்பியை எடுத்த பிறகும், 12 மாதம் கழித்து 9 பேரில் 6 பேருக்கு நிவாரணம் நீடித்தது. சும்மா இருந்த நரம்புப் பாதைகளுக்கு ஆரோக்கியமான செய்தியை இரண்டு மாதம் தொடர்ந்து ஊட்டினால் மைய நரம்பு மண்டலம் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த 12 மாதக் கணக்கை விளம்பரங்களில் "67 சதவீதத்துக்கு எதிராக 0 சதவீதம்" என்று போடுவார்கள். அந்த 0, போலிக் குழுவை நான்கு வார முடிவில் அளந்தது. அதற்கப்புறம் அவர்களுக்கும் நிஜக் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். ஆக ஒரு வருடத்தையும் ஒரு மாதத்தையும் ஒப்பிடுகிற எண் அது. தவிர, சதவீதமாகச் சொல்லும்போது ஆறு பேர் என்பது மறைந்துவிடுகிறது. முடிவு நல்ல முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வின் முடிவு.

நரம்பை அடைக்கும் கருவி

2024 செய்திக்கு வருவோம். ஆல்டியஸ் என்ற அந்தக் கருவியை நியூரோஸ் மெடிக்கல் என்ற நிறுவனம் உருவாக்கியது. கால் நரம்பைச் சுற்றி ஒரு மின்முனை வளையத்தை அறுவை மூலம் மாட்டி, பேஸ்மேக்கர் போல ஒரு பெட்டியைத் தோலுக்கடியில் வைத்து, இரண்டையும் ஒயரால் இணைக்கிறார்கள். வலி கிளம்பும்போது நோயாளி தானே இயக்கினால் 30 நிமிடம் 10 கிலோஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 10,000 துடிப்பு) மின்சாரம் பாயும். முப்பது நிமிட அடைப்புக்குப் பிறகு நிவாரணம் சில மணி நேரம் நீடிப்பதும் உண்டு. தொடங்கும் நேரத்தில் நரம்பு ஒருமுறை படபடவென்று துடித்துவிட்டுத்தான் அடங்கும் என்பதால் சிலருக்கு ஆரம்பத்தில் அசௌகரியம் இருக்கும்.

இதற்கான குவெஸ்ட் ஆய்வில் 180 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. இந்தத் துறைக்கு அது பெரிய எண்ணிக்கை. மூன்று மாத முடிவில், வலி குறைந்தது பாதியாவது இறங்கிய அமர்வுகள் பாதிக்கு மேல் இருந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். கருவி முழு அளவில் வேலை செய்த குழுவில் 24.7 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 7.1 சதவீதம். அமர்வுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விட்டு அளந்தபோது அதே கணக்கு 46.8 சதவீதத்துக்கு 22.2 சதவீதம்.

இதை எப்படிப் படிப்பது? வித்தியாசம் உண்மையானது, தற்செயல் இல்லை. அதே நேரம், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு பேரில் ஒருவர்தான் அந்த அளவுகோலைத் தொட்டிருக்கிறார். மருந்து எதற்கும் அசையாத வலியோடு வருடக்கணக்கில் இருப்பவருக்கு நான்கில் ஒன்று என்பதே பெரிய விஷயமாக இருக்கலாம். ஆனால் "மாய வலிக்கு முடிவு" என்று தலைப்பு வைக்கிற எண் இல்லை இது. அனுமதி காலுக்கு மட்டும் என்பதையும் கையை இழந்தவர்கள் கவனிக்க வேண்டும்.

தண்டுவடம், செயற்கைக் கால், கண்ணாடி

தண்டுவடத் தூண்டி இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் முதுகு, கால் நரம்பு வலிகளுக்குப் பொருத்தப்படுகிறது. செலவு பல லட்சம் ரூபாய். மாய வலியில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு, முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன, நாள்பட நாள்பட பலன் தேய்ந்துபோனவர்களும் உண்டு. டி.ஆர்.ஜி.யையே குறிவைக்கும் தூண்டி புதிதாக வந்தது, மாய வலியில் அதற்குச் சிறு ஆய்வுகள் மட்டுமே இருக்கின்றன.

வேறொரு திசையில் நடப்பதுதான் சுவாரசியம். 2019ல் முழங்காலுக்கு மேல் கால் இழந்த இரண்டு பேருக்கு, செயற்கைக் காலின் பாதத்திலும் முழங்காலிலும் இருந்த சென்சார்களின் செய்தியை, தொடைக்குள் ஓடும் கால் நரம்பில் வைத்த மின்முனைகளுக்கு அனுப்பினார்கள். பாதம் தரையில் படுவது பாதத்திலேயே தெரிந்தது. நடை வேகம் கூடியது, களைப்பு குறைந்தது, கூடவே மாய வலியும் குறைந்தது. 2023ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, தண்டுவடத் தூண்டியை வைத்தே மூன்று பேரிடம் இதைப் போன்ற ஒன்றைச் செய்தது. வலியை அடக்கப் பார்ப்பதற்குப் பதிலாக, காணாமல் போன உணர்வைத் திருப்பிக் கொடுத்தால் வலி தானாக இறங்குமா என்ற கேள்வி இது. இப்போதைக்கு ஆய்வகத்தில் இருக்கிறது.

மின்சாரமே இல்லாத வழிகளையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத காலை அசைப்பதாக மூளையை நம்பவைக்கும் கண்ணாடிச் சிகிச்சையைக் கொண்டுவந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். 2007ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 22 பேரிடம் நடந்த ஆய்வு அதற்கு ஆதரவாக வந்தது. ஒரு கண்ணாடியின் விலைதான் செலவு. அப்புறம், வெட்டிய நரம்பு முனையை அருகிலிருக்கும் தசை நரம்பில் இணைத்து அதற்குப் போக்கிடம் கொடுக்கும் அறுவை முறை. நியூரோமா உருவாகும் காரணத்தையே அடைக்கப் பார்ப்பதால், கால் எடுக்கும் அன்றே செய்துவிடலாமா என்ற பேச்சு வளர்ந்துகொண்டிருக்கிறது.

கருவி பற்றி யாராவது சொன்னால் கேட்க வேண்டியவை

1. இது தூண்டுகிறதா, அடைக்கிறதா? எந்த நரம்பில், தோலின் மேலா உள்ளேயா? இதற்கு நேரான பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. காட்டுகிற ஆய்வு மாய வலியில் செய்ததா, முதுகு வலியில் செய்ததா? எத்தனை பேர், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்களா?

3. என் வலி கீழேயுள்ள நரம்பிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்? நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஊசியில் கொஞ்சமும் அசையாத வலிக்கு அதே நரம்பில் நிரந்தரக் கருவி பொருத்துவதற்கு முன்பு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

4. உள்ளே பொருத்துவது என்றால், பேட்டரி எத்தனை வருடம் வரும், சார்ஜ் செய்வது யார், தொற்று வந்தாலோ கம்பி உடைந்தாலோ எங்கே போவது, பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? பொருத்திய மருத்துவர் ஊரில் இல்லாத நாளில் கருவியின் அமைப்பை மாற்றத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.